அந்த வீட்டில் என்ன பேசுவது

பக்கத்து வீட்டுக் குழந்தை இறந்த அன்று நான் காலை ஷிஃப்ட்டில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்கிறார்கள். நான் செக்கிங் பிரிவு. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தார்.

"பாப்பா போயிடுச்சி," என்றார்.

"எந்தப் பாப்பா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் என் மகளும் பாப்பாதான், பக்கத்து வீட்டுக் குழந்தையும் பாப்பாதான். அவர் பதில் சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

"நம்ம பாப்பா இல்ல. பக்கத்து ஊட்டு பாப்பா."

அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனி பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அந்தக் குழந்தைக்காக அழுதேனா, அந்த இரண்டு விநாடிக்காக அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் இருப்பது கவரைப்பேட்டையில். ஒரே ஓனர் கட்டிவிட்ட ஐந்து வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக. நான்காவது எங்களுடையது, ஐந்தாவது அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், எங்களுக்கும் ஒரே மகள். இரண்டும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு.

என் மகளைப் பாதி வளர்த்தது அக்காதான். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கே பஸ் வந்துவிடும். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கா வீட்டில் அவள் மகள் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு ஓடுவேன். இரண்டையும் எழுப்பிக் குளிப்பாட்டி, நாஷ்டா கொடுத்து, ஆளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். மதிய ஷிஃப்ட் என்றால் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவாள். என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொள்வார்.

அக்காவின் மகள் தன் அப்பாவை நைனா என்று கூப்பிடும். அக்காவின் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது, அங்கே அப்படித்தான். கூடவே வளர்ந்ததில் என் மகளும் அவரை நைனா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். சொந்த அப்பாவை அப்பா, பக்கத்து வீட்டு அப்பாவை நைனா. எங்கள் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

அக்கா மகளுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நான் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "வைரல் ஃபீவரா இருக்கும்க்கா. எல்லா பசங்களுக்கும் வந்துக்கினு கீது," என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வலிப்பு வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். திங்கட்கிழமை காலை எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு வேகத்தில் ஒரு குழந்தை இல்லாமல் போக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் வீடு வந்தபோது தெரு முழுக்கச் செருப்புகள். ஐஸ் பெட்டி பக்கத்தில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் யூனிஃபார்மைப் பார்த்து, "கம்பெனிலேந்து நேரா வர்றியாமா? சாப்டியா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்கா," என்றேன்.

வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தவள் நான். கடைசியில் அவள் என்னை விசாரித்தாள், நான் பதில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையை எடுத்துக்கொண்டு புடவையில் துடைத்துக்கொண்டாள். வியர்வையா, பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். சின்னக் குழந்தைக்கு அதற்கு மேல் சடங்கு இல்லை என்றார்கள். எனக்கு அது திக்கென்று இருந்தது. பெரியவர்கள் போனால் பதினாறு நாளைக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இங்கே மூன்றே நாளில் செய்ய வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. அக்காவின் அப்பா அம்மா பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, கரும்பு வெட்டு இருக்கிறது என்று ஊருக்குப் போனார்கள். அண்ணன் அதற்கு முன்பே, ஆறாம் நாளே மில்லுக்குப் போய்விட்டார். அவர் சைக்கிளை எடுப்பதைப் பார்த்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான்.

பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் நின்றுவிட்டது.

குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம் என்ன பேசுவது என்று போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் ஒரு டாக்டரம்மா, எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும் என்று சொன்னார். சரி என்று போய் உட்கார்ந்தேன். அக்கா பேசவே இல்லை. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்து அவள், "இவ யாரு, மாமியாரா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நான் ஆறுதல் சொல்ல வந்தேனா, சீரியல் பார்க்க வந்தேனா என்று புரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த முறை ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "நல்லவங்களதான்கா சாமி சீக்கிரம் கூப்ட்டுக்குது."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பவள் மாதிரி கேட்டாள்: "அப்போ உம்பொண்ணு நல்ல பொண்ணு இல்லியா?"

அது சாபமா, கேள்வியா? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் ஒரு கட்டுக்குள் சிவப்பு ஒயர் இடம் மாறியிருந்ததைக் கவனிக்காமல் பாஸ் செய்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். என் மகளை அந்த வீட்டுப் பக்கம் அனுப்பாமல் இருக்க ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீச்சர் டியூஷன் எடுத்தார். மாலை அங்கே சேர்த்துவிட்டேன். காலை ஷிஃப்ட்டை மூன்று வாரத்துக்கு வேறொரு பெண்ணோடு மாற்றிக்கொண்டேன்.

என்னிடமே நான் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. என் மகளைப் பார்த்தால் அக்காவுக்குத் தன் மகள் ஞாபகம் வரும், அது பாவம், அதனால் கண்ணில் காட்டக் கூடாது. கேட்கும்போது நல்ல காரணமாகத்தான் இருந்தது.

அதே நினைப்பில் இன்னொன்றும் செய்தேன். என் மகளைக் கூப்பிட்டு, "இனிமே நைனான்னு கூப்புடாத. பெரிப்பான்னு கூப்புடு," என்றேன்.

"ஏம்மா?"

"நீ அப்பிடி கூப்ட்டா அவருக்கு அழுகை வரும்."

அவள் தலையாட்டினாள். இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அண்ணன் என்னை நிறுத்தினார். மில்லிலிருந்து வந்த கோலம், சட்டை முழுக்க இரும்புத் துரு.

"இன்னாமா, பாப்பா என்ன பெரிப்பான்னு கூப்புடுது? புதுசா கீதே."

நான் என்னவோ உளறினேன்.

"நைனான்னே கூப்புட சொல்லும்மா. ரெண்டு பேரு கூப்ட்டுக்கினு இருந்தாங்க. இப்ப ஒருத்தருகூட கூப்புடலன்னா எப்பிடி?" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மகளிடம் மாற்றிச் சொன்னேன். அவள் அன்று மாலையே அவர் சைக்கிள் சத்தம் கேட்டு வெளியே ஓடி, "நைனா!" என்று கூப்பிட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதே நேரத்தில் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு அழுதாள். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதைச் சொல்லித் தருவது?

ஒரு வாரம் கழித்து அக்காவே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஏன் பாப்பாவ அனுப்ப மாட்ற?"

"டியூஷன்கா. கணக்குல வீக்கா கீறா."

"கணக்கா? எங்க ஊட்ல இருக்க சொல்லோ நூத்துக்கு நூறு வாங்கினா." தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கையி சும்மா கீதுமா. காலைல ஆறு மணி ஆனா தலை வார கை போவுது."

மீஞ்சூரில் இருக்கும் என் மாமியாருக்கு விஷயம் போனது. அனுப்பவே கூடாது என்றார். என் வீட்டுக்காரர் அனுப்பச் சொன்னார். "நம்ம பாப்பாவ அவங்க அஞ்சு வருஷம் பார்த்தாங்க. இப்ப கதவ சாத்துனா அது மனுஷத்தனமா?" என்றார். மாமியார் பேசும்போது மாமியார் சொல்வது சரியாகப் பட்டது, இவர் பேசும்போது இவர் சொல்வது. கடைசியில் அனுப்பினேன்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. மகள் மறுபடி இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனாள். "பெரிம்மா இன்னா பண்ணாங்க?" என்று தினமும் துருவித் துருவிக் கேட்பேன். "இட்லி குடுத்தாங்க", "சும்மா உக்காந்திருந்தாங்க", "தூங்கிட்டாங்க" என்பாள். ஒருநாள், "அவளப் பத்திப் பேசினோம். அவ என் ரப்பர எடுத்து வச்சிக்கினு குடுக்காம சண்டை போட்டா இல்ல, அதச் சொன்னேன். பெரிம்மா சிரிச்சாங்க," என்றாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. எனக்கு வராதது எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படி வந்தது?

பிறகு அந்தக் கவுன்.

அன்று மாலை அவளைக் கூட்டிவர நானே போனேன். கதவைத் திறந்துகொண்டு என் மகள் வந்து நின்றாள். நீலக் கவுன், வெள்ளைக் காலர். அக்கா தன் மகளுக்குப் பொங்கலுக்குத் தைத்தது. பின்னலும் அதே பின்னல். ஒரு கணம் எனக்கு ஆள் மாறித் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம் வந்தது. மகளை இழுத்துக்கொண்டு வந்து, அவள் அழ அழக் கவுனைக் கழற்றினேன்.

"பெரிம்மா எனக்குத்தான் குடுத்தாங்க," என்று தேம்பினாள்.

மாமியார் போனில் கத்தினார். வீட்டுக்காரர், "துணிதானே, அதுக்கு இன்னா?" என்றார். நான் கவுனைத் துவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டேன். எதற்கு அவ்வளவு கவனமாக இஸ்திரி போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுநாள் மாலை மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"பாப்பாவுக்கு டைட்டா கீதுக்கா."

அக்கா வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தையல்காரியிடம் போய் அளவில் பொய் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சி தச்சிருக்கேன். அடுத்த வருசத்துக்கும் ஆகணும்னு," என்றாள். "பயந்துட்டேன்னு சொல்லேன். அதுக்கு இன்னா இப்ப?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும்தான் பயந்துட்டேன். கதவாண்ட அது நிக்க சொல்லோ எம்பொண்ணுதான்னு நெனச்சிட்டேன். சந்தோஷமா இருந்துச்சி. நீ கூட்டிக்கினு போன பொறவுதான் எனக்கு ஒடம்பு நடுங்குச்சி. எனக்குப் பைத்தியம் புடிக்குதா இன்னான்னு தெரில." கவுனை மறுபடி மடித்தாள். "கொஞ்ச நாளைக்கு அனுப்பாதமா."

கதவு மூடியது. நான் கேட்க நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள். ஆனாலும் யாரோ என்னை வெளியே தள்ளின மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் வாசலில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. ஒருநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பீரோவில் கிடந்த ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அளவு ஜாக்கெட்டை வேண்டுமென்றே எடுத்துப் போகவில்லை.

அவள் டேப்பை எடுத்தாள். கையைத் தூக்கச் சொல்லி மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். அளவைப் பார்க்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"ஐசியு உள்ள ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இருக்கணும்னாங்க. ராத்திரி முழுக்க நான்தான் இருந்தேன். விடிய சொல்லோ எங்க ஊட்டுக்காரரு வந்து, நீ போய் டீ குடி, நான் பாத்துக்கறேன்னாரு. நான் வெளிய வந்தேன். டீகூட வாங்கல. வரிசைல நின்னுக்கினு இருந்தேன். அப்பதான்."

டேப்பின் இரண்டு முனையும் அவள் கையில் இருந்தன. நான் தூக்கின கையை இறக்கவில்லை.

"கண்ண முழிச்சுதா, எதுனா கேட்டுச்சான்னு கேட்டா, தூங்கிக்கினே போயிடுச்சின்றாரு. அவர் மூஞ்சி அப்பிடிச் சொல்லல. அஞ்சு மாசமா கேக்கறேன். தூங்கிச்சி, தூங்கிச்சின்னே சொல்லிக்கினு கீறாரு. நீ கேளேன். ஒன்ன தங்கச்சின்னு நெனைக்கறாரு. ஒங்கிட்ட சொல்வாரு."

சரி என்று சொல்லிவிட்டேன். தோள்பட்டை வலித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. ஒரு மனிதனிடம் போய், உங்கள் குழந்தை கடைசியில் என்ன செய்தது என்று எப்படிக் கேட்பது? என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். "என்னால ஆகாது," என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

குழந்தையின் பிறந்தநாள் அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. என் மகள்தான் ஞாபகப்படுத்தினாள். போவதா, போகாமலே இருப்பதா, தெரியாத மாதிரி நடந்துகொள்வதா? காலை ஒன்பது மணிக்கு அண்ணனே வந்து கதவைத் தட்டினார்.

"இன்னிக்கு ஊட்ல இருக்க முடிலமா. எங்கியாவது போலாம்னு கெளம்பறோம். நீங்களும் வாங்க. ரெண்டு பேரு மட்டும் போனா பஸ்லயே சண்டை வந்துடும்."

என் வீட்டுக்காரருக்கு அன்று ஓவர்டைம். நானும் மகளும் கிளம்பினோம். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பழவேற்காடு பஸ். ஏன் பழவேற்காடு என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை அங்கே போனதே இல்லை என்று அக்கா சொன்னாள். அதனால்தானோ என்னவோ.

ஏரிக்கரையில் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். வெயில் அவ்வளவு இல்லை. பொரித்த இறால் வாங்கி நான்கு பேரும் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் இறால் வாலைக் கடிக்கத் தெரியாமல் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்கா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு உனக்குச் சிரிப்பு வருதா?" என்றாள். எழுந்து தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்ததும் அக்கா பின்னால் ஓடினாள்.

படகு நிழலில் நானும் அண்ணனும் மட்டும். இதைவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது. எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. நல்ல விதமாகக் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"கண்ண தொறந்துச்சிமா. அம்மா எங்கன்னு கேட்டுச்சி. வெளிய கீறா, இதோ வந்துடுவான்னு சொன்னேன். அவள கூப்புடல. ஒருத்தர்தான் இருக்கணும்னு சொல்லிட்டாங்களே, நான் எழுந்து போனாதான அவ வரலாம். டீ குடிச்சிட்டு வரட்டும்னு நெனச்சிட்டேன். நேரம் கீதுன்னு நெனச்சிட்டேன்." என்னைப் பார்த்தார். "இத அவகிட்ட எப்பிடிமா சொல்றது?"

ஒரு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரத்தது. சொல்லிவிடுங்கள் என்பதா? சொல்லவே சொல்லாதீர்கள் என்பதா? அக்கா என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது?

"தெரிலண்ணா," என்றேன்.

அவர் அதற்காகக் காத்திருந்த மாதிரியும் இல்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு அவளை நோக்கி நடந்தார். என் மகளிடம் ஏதோ சொல்லி என்னிடம் அனுப்பினார். தூரத்தில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றது தெரிந்தது. அவர் பேசுவது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா அவர் மார்பில் கையால் அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். அவர் நகரவில்லை. பிறகு அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள், அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்க போலாமாம்மா?" என்று கேட்டாள் மகள். போய் விலக்குவதா, தண்ணீர் கொடுப்பதா, பார்க்காத மாதிரி இருப்பதா? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படகின் நிழலிலேயே இருந்தேன். மீதி இறாலைக் காக்கை கொத்திக்கொண்டு போனது.

திரும்பும்போது பொன்னேரியில் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் ரயில் கிடைத்தது. கூட்டமில்லை. ஜன்னல் ஓரத்தில் நான், பக்கத்தில் அக்கா, எதிர் சீட்டில் அண்ணனும் என் மகளும். வண்டி கிளம்பிய இரண்டாவது நிமிடம் அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது. நன்றாகத் தூங்கிவிட்டாள். அவள் சரியாகத் தூங்குவதே இல்லை என்று அண்ணன் பலமுறை சொல்லியிருந்தார்.

கவரைப்பேட்டை அடுத்த ஸ்டேஷன். பிளாட்பாரம் தெரிந்தது. எழுப்பலாமா என்று அண்ணனைக் கண்ணால் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் எழுப்பவில்லை. வண்டி நின்று, கிளம்பியது. எங்கள் தெருவுக்குப் போகும் ரயில்வே கேட் ஜன்னலுக்கு வெளியே கடந்து போனது.

"அம்மா, டிக்கெட் கவரைப்பேட்ட வரைக்கும்தான?" என்று மகள் பதற்றமாகக் கிசுகிசுத்தாள்.

"கேட்டா நைனா பேசிக்கறேன். நீ சத்தம் போடாத," என்றார் அண்ணன்.

கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். வண்டி அங்கேயே நின்றது. திரும்பிப் போகும் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மின்விசிறி நின்றுவிட்டதால் அக்காவின் கழுத்தில் வியர்த்தது. அண்ணன் கைக்குட்டையால் எட்டி விசிறினார். என் தோள் மரத்துப்போனது. இருபது நிமிடமோ என்னவோ கழித்து வண்டி வந்த வழியே கிளம்பியது.

கவரைப்பேட்டை வருவதற்குச் சற்று முன்னால் அவளாகவே கண் விழித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி எதிர்த் திசையில் போவது அவளுக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னாது, எங்க போறோம்?"

"ஊட்டுக்குதான்," என்றார் அண்ணன்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, என் மகளை நோக்கிக் கையை நீட்டினாள். மகளின் பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்துபோயிருந்தது. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு அவசர அவசரமாகப் பின்ன ஆரம்பித்தாள். பாதி பின்னுவதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது. பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.